தொழில் பயணமாக மலேசியா போறீங்களா? பெட்டி கட்டும் முன் இதைப் படிங்க!

சென்னையில் காலை டிபனை முடித்துக்கொண்டு விமானம் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். பின்னலாடை, மசாலா, மென்பொருள், மோட்டார் பம்ப், மருத்துவக் கருவி என்று எதையாவது விற்கவோ வாங்கவோ நம் ஊர்களிலிருந்து அங்கே போகிறவர்கள் ஏராளம். 'அங்கதான் நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்களே, என்ன கஷ்டம்?' என்று தெம்பாகக் கிளம்புகிறவர்களும் அவர்களில் நிறைய.

அந்தத் தெம்பு பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

திருப்பூரிலிருந்து ஒருவர் துணி விற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் அவர் உட்காரும் மேஜைக்கு எதிர்ப்பக்கம், கொள்முதல் பிரிவின் தலைவியாக ஒரு மலாய் முஸ்லிம் பெண்மணி இருப்பார். நிறுவனத்தின் முதலாளி சீனர். கணக்கு பார்ப்பவர் தமிழர். சரவாக் மாநிலத்திலிருந்து வந்த இபான் இனத்து இளைஞர் ஒருவர் தரம் பார்ப்பார். நான்கு பேருக்கும் பண்டிகை வேறு, சாப்பாடு வேறு, பெயர் எழுதும் முறை வேறு, 'வேண்டாம்' என்று சொல்லும் விதமும் வேறு. ஆனால் நான்கு பேரும் ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே அலுவலகத்துக்காரர்கள். இதைப் புரிந்துகொண்டு போகிறவருக்குப் பாதி வேலை விமானத்திலேயே முடிந்துவிடும்.

கிளம்பும் முன்

2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போய் வரலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இருந்தாலும் டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட விவரம் இரண்டையும் கையில் வைத்திருங்கள்.

'எம்.டி.ஏ.சி.' எனப்படும் டிஜிட்டல் வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்தின் தளம் அல்ல.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். வருகையாளராகப் போகிறவர் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம், விலை பேசலாம், தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கலாம். ஆனால், விற்ற இயந்திரத்தைப் பொருத்திக் கொடுப்பது, பழுது பார்ப்பது, ஆட்களுக்குப் பயிற்சி தருவது போன்றவை 'வேலை' என்ற கணக்கில் வரக்கூடும். அதற்குத் தொழில்முறை வருகை அனுமதி தனியாக உண்டு. அதை அங்கே உங்களை அழைக்கும் நிறுவனம்தான் விண்ணப்பித்து வாங்க வேண்டும். 'ரெண்டு நாள் வேலைதானே, யார் கேட்கப் போறாங்க' என்று டெக்னீஷியனைச் சும்மா அனுப்பி வைக்காதீர்கள். மாட்டினால் கம்பிக்குப் பின்னால் நிற்பது அந்தப் பையன்தான்.

வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லி வையுங்கள். 'முதல்ல டூரிஸ்ட்டா போ, அங்க போய் பெர்மிட் மாத்திக்கலாம்' என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்ப வேண்டாம். அனுமதியில்லாமல் வேலை செய்வதும், கெடு தாண்டித் தங்குவதும் அங்கே அபராதம், சிறை, நாடு கடத்தல் வரை போகும் குற்றங்கள்.

பெட்டியில் வைக்க வேண்டிய சின்னச் சின்னப் பொருட்கள்: அங்கே இருப்பது பிரிட்டிஷ் பாணி, பட்டையான மூன்று முள் பிளக். நம் ஊர் உருண்டை முள் நுழையாது. அதனால் அடாப்டர் அவசியம். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் ரொக்கம் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். போதைப்பொருள் விஷயத்தில் உலகிலேயே கடுமையான சட்டங்கள் உள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர் 'இந்தப் பார்சலைக் கொஞ்சம் சேர்த்துடுங்க' என்றால், எவ்வளவு கெஞ்சினாலும் வாங்காதீர்கள்.

வெளியே வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும். உள்ளே ஏ.சி. நடுங்க வைக்கும். ஒரு குடை, ஒரு மெல்லிய கோட்டு இரண்டும் வேண்டும்.

எந்த நாளில் போவது?

பல இனங்கள் வாழும் நாட்டில் காலண்டர்தான் முதல் வழிகாட்டி. சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையில் வரும். அரசு விடுமுறை இரண்டு நாள்தான் என்றாலும், சீனர்கள் நடத்தும் பல தொழிற்சாலைகளும் கடைகளும் ஒரு வாரத்துக்குக் கூட மூடியிருக்கும். நோன்புப் பெருநாளான 'ஹரி ராயா'வுக்கு ஊரே கிராமத்துக்குக் கிளம்பிவிடும். பொங்கலுக்குச் சென்னை காலியாகுமே, அந்த மாதிரி. இது ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்து வருவதால், போன வருஷத் தேதியை வைத்துக் கணக்குப் போட முடியாது.

தீபாவளி, சரவாக்கைத் தவிர நாடு முழுக்க விடுமுறை. தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு, பேராக், ஜொகூர் உள்ளிட்ட பகுதிகளில் விடுமுறை.

ரமலான் மாதத்தில் போவதென்றால் கூட்டங்களைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பல அலுவலகங்கள் சீக்கிரம் முடியும், மாலையில் எல்லோரும் நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடுவார்கள். நோன்பு இருப்பவர் எதிரில் உட்கார்ந்து டீ குடிப்பது சட்டப்படி குற்றமில்லை, ஆனால் பார்க்க நன்றாக இருக்காது. அதே ரமலானில், நோன்பு திறக்கும் விருந்துக்கு உங்களை அழைத்தால் தயங்காமல் போங்கள். சரியான நேரத்துக்குப் போங்கள். அந்த ஒரு மாலை, பத்து மின்னஞ்சலுக்குச் சமம்.

வார விடுமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெரும்பாலான மாநிலங்களில் சனி, ஞாயிறு. கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வெள்ளி, சனி. அங்கே ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனி என்று இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மறுபடி சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. பழைய அனுபவத்தை வைத்து ஜொகூருக்கு நாள் குறிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

எந்த மாநிலமாக இருந்தாலும், வெள்ளிக்கிழமை நண்பகல் முதல் மதியம் 2.45 வரை யாரையும் சந்திக்கத் திட்டமிடாதீர்கள். அது ஜும்ஆ தொழுகை நேரம்.

இறங்கியதும்

நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது மலேசியக் கடிகாரம். வீட்டுக்குப் போன் பேசும்போது இதை மறக்காதீர்கள். நீங்கள் காலை 7 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே 4.30.

கோலாலம்பூர் சர்வதேச விமான நிலையம் நகருக்குள் இல்லை. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, செப்பாங்கில் இருக்கிறது. அங்கிருந்து 'கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ்' ரயில் அரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் விட்டுவிடும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் 'கிராப்' செயலியில் கார் பிடிப்பது கட்டுப்படியாகும். மாலை நேர நெரிசல் நம் ஊருக்குச் சளைத்ததல்ல, அதோடு மழையும் சேர்ந்தால் இன்னும் மோசம். எனவே முக்கியமான சந்திப்பு என்றால் ஹோட்டலை அந்த அலுவலகத்துக்குப் பக்கத்திலோ, ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலோ போடுங்கள். 'டச் அண்ட் கோ' அட்டை ஒன்று வாங்கிவிட்டால் நகர ரயில்களில் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

பணம் ரிங்கிட். சில்லறை சென். ஆனால் மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார்கள். 'அஞ்சு வெள்ளி' என்று கடைக்காரர் சொன்னால் மிரள வேண்டாம், அது ஐந்து ரிங்கிட்தான். ஹோட்டலில் வெளிநாட்டினருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள். அது ஏமாற்று இல்லை, அரசு வரி. டிப்ஸ் கட்டாயமில்லை.

ஹோட்டல் அறையின் கூரையிலோ மேஜை இழுப்பறையிலோ ஓர் அம்புக்குறி இருக்கும். அது 'கிப்லா', அதாவது மெக்காவின் திசை. அலுவலகக் கட்டடங்களில் 'சுராவ்' என்று பலகை பார்த்தால் அது தொழுகை அறை. கூட்டத்துக்கு நடுவே ஒருவர் பத்து நிமிடம் எழுந்து போனால், அவர் உங்கள் பேச்சில் சலித்துப் போய்விட்டார் என்று நினைக்க வேண்டாம்.

சபா, சரவாக் மாநிலங்களுக்குப் போவதானால் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். உள்நாட்டு விமானம்தான் என்றாலும் அங்கே குடிநுழைவுச் சோதனை மறுபடி உண்டு.

பெயரில் இருக்கிறது மரியாதை

விசிட்டிங் கார்டு வாங்கியதும் முதலில் பெயரைப் படியுங்கள். மலாய்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'அஹ்மத் பின் இஸ்மாயில்' என்றால் இஸ்மாயிலின் மகன் அஹ்மத். அவரை 'மிஸ்டர் இஸ்மாயில்' என்று கூப்பிட்டால், அவருடைய அப்பாவைக் கூப்பிட்டதாக ஆகிவிடும். நம் இனிஷியல் முறை போலத்தான் இது. ஆண்களை 'என்சிக் அஹ்மத்' என்றும், திருமணமான பெண்களை 'புவான் சித்தி' என்றும் அழைக்கலாம். 'பிந்தி' என்று இருந்தால் மகள்.

சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். 'லிம் சூன் ஹுவாட்' என்றால் அவர் மிஸ்டர் லிம். மிஸ்டர் ஹுவாட் இல்லை. மலேசியத் தமிழர்களின் ஆவணங்களில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று பார்க்கலாம். 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கம் அது. முன்னது மகன், பின்னது மகள். சரவாக் இபான் மக்களின் பெயரில் வெறும் 'அனாக்' என்று வரும்.

இன்னொன்று பட்டங்கள். துன், தான் ஸ்ரீ, டத்தோ என்று பெயருக்கு முன்னால் இருந்தால், அது மாமன்னரோ மாநில ஆட்சியாளரோ வழங்கிய விருது. துன் மிக உயர்ந்தது, அடுத்தது தான் ஸ்ரீ, பிறகு டத்தோ வகைகள். 'மிஸ்டர்' என்று சேர்க்காமல் 'டத்தோ' என்று மட்டும் அழைத்தால் போதும். டத்தோவின் மனைவி 'டத்தின்', தான் ஸ்ரீயின் மனைவி 'புவான் ஸ்ரீ'. மின்னஞ்சலில் இந்தப் பட்டத்தை விட்டுவிட்டு எழுதுவது, நம் ஊரில் ஊர்ப் பெரியவரைப் பெயர் சொல்லி வா போ என்பதற்குச் சமம்.

கை கொடுக்கலாமா?

ஆண்கள் ஆண்களோடு தாராளமாகக் கை குலுக்கலாம். மலாய்க்காரர்கள் மென்மையாகத் தொட்டுவிட்டுக் கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். முஸ்லிம் பெண்மணியிடம் நீங்களாகக் கையை நீட்ட வேண்டாம். அவர் நீட்டினால் கொடுங்கள், இல்லையென்றால் நெஞ்சில் கை வைத்துத் தலையைச் சற்றுத் தாழ்த்தினால் போதும். பெண் தொழில்முனைவோர் முஸ்லிம் ஆண்களிடமும் இதே முறையைப் பின்பற்றலாம். நம் வணக்கமும் அங்கே எல்லோருக்கும் புரிந்த மொழிதான்.

எதையும் வலது கையால் கொடுங்கள், வலது கையால் வாங்குங்கள். சீனர்களிடம் கார்டை இரண்டு கையாலும் கொடுத்து வாங்குவது மரியாதை. வாங்கிய கார்டைப் பார்க்காமல் பின் பாக்கெட்டில் செருகக் கூடாது. ஆளையோ பொருளையோ ஆள்காட்டி விரலால் சுட்டுவது அங்கே முரட்டுத்தனம். நான்கு விரலையும் மடக்கி, வலது கைக் கட்டை விரலால் காட்டுவார்கள். வீட்டுக்கு அழைத்தால் செருப்பை வாசலிலேயே விட வேண்டும் என்பது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

உடை விஷயத்தில் கவலை வேண்டாம். சட்டையும் பேன்ட்டும் போதும். முழுக்கை பாத்திக் சட்டை அங்கே கோட்டு சூட்டுக்கு இணையான கௌரவ உடை. வியாழக்கிழமை அரசு அலுவலகத்துக்குப் போனால் ஊழியர்கள் வண்ண வண்ணப் பாத்திக்கில் இருப்பதைப் பார்க்கலாம்.

'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்லாதவர்கள்

நம் ஊரில் விலை பேசும்போது குரல் உயரும், மேஜையைத் தட்டுவோம், பிறகு சேர்ந்து காபி குடிப்போம். அங்கே அது எடுபடாது. நான்கு பேர் முன்னால் ஒருவரை மடக்குவதும், தவறைச் சுட்டிக்காட்டுவதும் அவருடைய முகத்தில் அடித்த மாதிரி. உங்கள் பக்கம் நியாயமே இருந்தாலும் அந்தக் கதவு மூடிவிடும். குறை இருந்தால் தனியாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில் சொல்லுங்கள்.

அதே காரணத்தால் அவர்களும் 'வேண்டாம்' என்று நேரடியாகச் சொல்லத் தயங்குவார்கள். 'பார்க்கலாம்', 'மேலிடத்தில் கேட்கணும்', 'கொஞ்சம் கஷ்டம்தான்' என்றால், பெரும்பாலும் அதற்கு அர்த்தம் இல்லை என்பதுதான். 'கேன், கேன்' என்று சொன்னாலும் அது ஆர்டர் உறுதி என்ற பொருளில் இருக்காது. நீங்கள் சொல்வது புரிகிறது என்பதாகக்கூட இருக்கலாம். எனவே கூட்டம் முடிந்த அன்றே, பேசியதை ஐந்து வரியில் எழுதி அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மின்னஞ்சலைவிட வாட்ஸ்அப்பில் பதில் சீக்கிரம் வரும்.

முதல் சந்திப்பிலேயே விலைப்பட்டியலை எடுத்து வைக்காதீர்கள். பயணம் எப்படி, என்ன சாப்பிட்டீர்கள் என்று பேச்சு போகும். போகட்டும். அவர்கள் முதலில் ஆளை எடைபோடுவார்கள், பிறகுதான் பொருளை.

எவ்வளவு நட்பாகப் பழகினாலும் காகிதம் பார்க்காமல் சரக்கு அனுப்பாதீர்கள். நிறுவனப் பெயருக்குப் பின்னால் 'செண்டிரியான் பெர்ஹாட்' என்று இருந்தால் அது நம் பிரைவேட் லிமிடெட். வெறும் 'பெர்ஹாட்' என்றால் பொது நிறுவனம். 'எஸ்.எஸ்.எம்.' எனப்படும் மலேசிய நிறுவனப் பதிவு ஆணையத்தில், சிறு கட்டணம் கட்டி எந்த நிறுவனத்தின் பதிவு விவரத்தையும் பார்க்கலாம். லட்சக்கணக்கில் கடனுக்குச் சரக்கு விடும் முன் அந்தச் செலவை யோசிக்காதீர்கள்.

ஒரே மேஜையில் நான்கு தட்டு

விருந்து கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது என்றால், கொஞ்சம் யோசித்து இடம் பிடியுங்கள். முஸ்லிம்கள் ஹலால் உணவகத்தில் மட்டுமே சாப்பிடுவார்கள். அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான 'ஜாக்கிம்' தரும் ஹலால் முத்திரை கடை வாசலில் இருக்கிறதா என்று பாருங்கள். 'நான் அவங்களுக்குச் சிக்கன்தானே சொல்றேன்' என்று பன்றி இறைச்சி சமைக்கும் கடைக்கு அழைத்துப் போவது தவறு. அந்தச் சமையலறையே அவர்களுக்கு ஆகாது. மது வேண்டாம். இந்துக்கள் மட்டுமல்ல, குவான் யின் தெய்வத்தை வணங்கும் சீனர்கள் பலரும் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். ஆக, ஹலால் கடையில் கோழி, மீன், காய்கறி என்று சொல்லிவிட்டால் நான்கு பேரும் நிம்மதியாகச் சாப்பிடலாம். கூப்பிட்டவர்தான் பில் கட்ட வேண்டும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சம்பல் சிவப்பாக, வெறும் மிளகாய்ச் சட்னி போலத்தான் இருக்கும். அதில் 'பெலாச்சான்' என்ற இறால் விழுது கலந்திருக்கும். தேங்காய்ப்பால் சோறான 'நாசி லெமாக்'கின் மேல் நெத்திலிக் கருவாடு தூவியிருக்கும். காய்கறிப் பொரியலிலும் உலர்ந்த இறால் ஒளிந்திருக்கும். கேட்டுக் கேட்டுச் சாப்பிடுங்கள். வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளும், பௌத்தச் சீனர்கள் நடத்தும் சைவ உணவகங்களும் கை கொடுக்கும்.

எல்லா இனத்தவரும் சேர்ந்து உட்காரும் இடம் 'மாமாக்' கடை. தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த உணவகங்கள் இவை. பலவும் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். ரொட்டி சானாய், உயரத் தூக்கி ஆற்றும் தே தாரிக், பினாங்கின் நாசி கண்டார் எல்லாம் கிடைக்கும். 'கண்டார்' என்றால் தோளில் சுமக்கும் காவடித் தண்டு. அந்தக் காலத்தில் இரு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு தெருத் தெருவாக விற்றதால் வந்த பெயர். ஆயிரக்கணக்கில் செலவழித்து நட்சத்திர ஹோட்டலில் பேசி முடியாத விஷயம், இங்கே ஒரு தே தாரிக்கில் முடிந்துபோவதும் உண்டு.

பரிசு கொடுப்பதென்றால் மலாய் நண்பர்களுக்கு மது, நாய் உருவப் பொம்மை கூடாது. இனிப்பு என்றால் ஹலால் முத்திரையுள்ள பாக்கெட்டாகப் பாருங்கள். சீனர்களுக்குக் கடிகாரம் கொடுக்காதீர்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லின் ஓசை மரணத்தை நினைவுபடுத்தும். நான்கு என்ற எண்ணும் அப்படியே. பல கட்டடங்களில் லிஃப்ட்டில் 4-க்குப் பதில் '3ஏ' என்று இருப்பதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

'நீங்க இந்தியாவுல எந்த ஊரு?'

இந்தக் கேள்வியை மலேசியத் தமிழரிடம் கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அவருடைய கொள்ளுத் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்ட வந்தவராக இருக்கலாம். ரயில்பாதை போட வந்தவராக இருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவராக இருக்கலாம். அட்டைக்கடியிலும் மலேரியாவிலும் மாண்டவர்கள் போக, மிஞ்சியவர்கள் அந்த மண்ணை அழகாக்கினார்கள். நான்கைந்து தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, வரி கட்டி வாழ்கிறவர்கள். 500க்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகளை இன்றுவரை நடத்தி வருகிறார்கள். தமிழை அவர்கள் காப்பாற்றி வைத்திருப்பதைப் பார்த்தால் நமக்குத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். காலையில் 'பசியாறிட்டீங்களா?' என்று கேட்பார்கள். எவ்வளவு அழகான சொல்!

அவர்களிடம் 'நீங்க நம்ம ஊர்க்காரங்கதானே' என்று உரிமை கொண்டாடுவது நமக்கு அன்பாகத் தெரியும். 'நாங்க மலேசியர்கள்' என்று சொல்லிச் சொல்லித் தங்கள் இடத்தை நிலைநிறுத்தியவர்களுக்கு அது உறுத்தும். 'மலேசியாவில் எந்த ஊர் உங்களுக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். ஈப்போ, கிள்ளான், சுங்கை பட்டாணி என்று முகம் மலர்ந்து சொல்வார்கள். தாத்தாவின் ஊர்க் கதையும் தானாகவே பின்னால் வரும்.

கூட்டத்தில் இன்னும் கவனம் தேவை. மலாய் அதிகாரியும் சீன முதலாளியும் உட்கார்ந்திருக்கும்போது, தமிழ் பேசும் கணக்காளரிடம் திரும்பி 'விலையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணே' என்று தமிழில் தூது விடாதீர்கள். மற்ற இருவருக்கும் மொழி புரியாது, ஆனால் என்ன நடக்கிறது என்பது புரியும். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். அவர் மறுநாளும் அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவருடைய நேர்மை மீது சந்தேகத்தின் நிழல் விழ நாம் காரணமாக இருக்கலாமா? மேஜையில் எல்லோருக்கும் புரியும் மொழியில் பேசுங்கள். ஆசை தீரத் தமிழ் பேசுவதற்கு மாலையில் மாமாக் கடை இருக்கிறது.

'கெலிங்' என்ற சொல்லையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் 'கப்பித்தான் கெலிங்' பள்ளிவாசல் என்று பழைய பெயர்களில் அது இருக்கிறது. இன்று அது இந்திய வம்சாவளியினரை இழிவுபடுத்தும் சொல். விளையாட்டுக்குக்கூட வாயில் வரக் கூடாது.

வாயைக் கட்ட வேண்டிய மூன்று

இனம், மதம், அரச குடும்பம். இந்த மூன்றையும் பற்றி விமர்சனமோ ஜோக்கோ வேண்டாம். நேரில் மட்டுமல்ல, வாட்ஸ்அப், ஃபேஸ்புக்கிலும். சட்டம் கடுமையானது. ஒன்பது மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்கள் தங்களுக்குள் முறைவைத்து, ஐந்தாண்டுக்கு ஒருவரை மாமன்னராகத் தேர்ந்தெடுக்கும் நாடு அது. 'எந்த இனத்துக்கு என்ன சலுகை' என்பது அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குடும்ப விஷயம். உங்களிடம் யாராவது மனம்விட்டுப் பேசினால் காது கொடுத்துக் கேளுங்கள். தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

ஒரு மாலை மிச்சமிருந்தால்

கே.எல். சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே பிரிக்ஃபீல்ட்ஸ். பூக்கடை, புடவைக்கடை, முறுக்கு வாசனை என்று வீட்டு ஞாபகம் வந்துவிடும். அதே நிலையத்திலிருந்து கம்யூட்டர் ரயிலில் நேராகப் பத்துமலை போகலாம். 272 படிகள், 140 அடி உயர முருகன். வெயிலுக்கு முன் போனால் மூச்சு வாங்காது. குரங்குகளிடம் கைப்பையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த நாட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நடை போதும் என்றால், பழைய கோலாலம்பூருக்குப் போங்கள். கிள்ளான், கோம்பாக் என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் 1909-இல் கட்டிய ஜாமிக் பள்ளிவாசல். 'சேறான சங்கமம்' என்று நகரத்துக்குப் பெயர் வரக் காரணமான இடம் அந்தப் பகுதிதான். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் துன் எச்.எஸ். லீ சாலையில் 1873-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில். அதற்கு எதிரே சீனர்களின் குவான் டி கோயில். ஒரு பக்கம் சாம்பிராணி, மறுபக்கம் ஊதுவத்தி. தூரத்தில் பாங்கு ஒலி. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்காமல் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அந்த இயல்புதான் அந்த ஊரின் அதிசயம்.

கையோடு சில சொற்கள்

மலாய் மொழி ரோமன் எழுத்தில் இருப்பதால் பலகைகளைப் படிப்பது எளிது. 'மாசுக்' உள்ளே, 'கெலுவார்' வெளியே, 'தண்டாஸ்' கழிப்பறை, 'ஆவாஸ்' கவனம், 'பொலே' முடியும், 'தாக் பொலே' முடியாது, 'செலாமாட் பாகி' காலை வணக்கம்.

சில சொற்களை நீங்கள் கற்றுக்கொள்ளவே வேண்டாம், அவை நம்மிடமிருந்து போனவை. கடை அங்கே 'கெடாய்'. கப்பல் 'கப்பால்'. கட்டில் 'காட்டில்'. பெட்டி 'பெத்தி'. முதல் போட்டுத் தொழில் செய்கிறோமே, அந்த முதல் அங்கே 'மொடால்'. பல நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் தாண்டிப் போன நம் வணிகர்கள் சரக்கோடு சேர்த்து இறக்கிவைத்த சொற்கள். போன இடத்தில் மதிக்கப்பட்டிருந்தால்தானே சொல் ஒட்டும்?

நன்றிக்கு 'தெரிமா காசே' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'அன்பைப் பெற்றுக்கொள்ளுங்கள்'. பதிலுக்கு 'சாமா சாமா' என்று வரும். 'உங்களுக்கும் அதுவே' என்று அர்த்தம். ஒப்பந்தம் கையெழுத்தானாலும் ஆகாவிட்டாலும், கிளம்பும்போது நான்கு பேரையும் பார்த்து இதைச் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த தடவை போன் செய்யும்போது உங்கள் குரலை அவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.